3,200 ரூபாய் மைக்ராஸ்கோப்: முட்டை தெரிகிறது, புழுவின் வேலை தெரிவதில்லை

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் சாணம் பார்க்க வீட்டுக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கலாமா என்று என்னிடம் பலபேர் கேட்டுவிட்டார்கள். பால் சொசைட்டி வரிசையில் கேட்கிறார்கள், சுசீந்திரம் தெப்பக்குளத்தங்கரையில் பார்த்தால் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் பேசும்போது நல்லது மட்டும்தான் வாயில் வருகிறது. மீதியைச் சொல்ல நேரம் பிடிக்கும். ஓர் உயிர் போன கதையும் அதற்குள் இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு தேரூர் பக்கம் சொந்த வீட்டில் இரண்டு பசு, ஒரு கிடேரி வைத்திருக்கிறேன். பசுக்கள் செவலை, மயிலை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வயல். வழக்கமாக ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் முதல் போக நெல்லான கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வரும், அப்புறம் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கும் ஓடும். இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் மண் காய்ந்து கிடக்கும் மாதம் குறைவு. நத்தைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். மாடு, ஆட்டின் ஈரலில் போய்த் தங்கும் ஈரல் புழு, குட்டியில் நத்தைக்குள்தான் வளரும். அதனால் நத்தைக்கு நல்ல இடம் என்றால் ஈரல் புழுவுக்கும் நல்ல இடம்தான்.

செவலைக்குப் போன வருஷம் தொடக்கத்தில் பால் இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம் இருக்கும், மத்தியானம் வடிந்துவிடும். கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. சாணத்தை ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தனுப்பினேன். காலையில் கொடுத்தது, மறுநாள் சாயங்காலம்வரை மேசையிலேயே இருந்திருக்கிறது. வந்த சீட்டில் ‘குறிப்பிடும்படி ஒன்றுமில்லை’ என்று ஒரே வரி. கால்நடை டாக்டர் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, அறிகுறியைப் பார்த்தே ஈரல் புழுவுக்கு மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் செவலை தேறிவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் புழுவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! என் மாட்டுக்கு வந்தபோது பார்க்க ஒரு கருவி இல்லையே என்று அன்றைக்கு மனசு கேட்கவில்லை. மே மாதம் வாங்கிவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். கண்ணாடி உடைந்து வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் நேரில் பார்த்து எடுத்தேன். அம்பாலாவில் செய்த மாணவர் மைக்ராஸ்கோப், ஒற்றைக் கண் குழாய், அடியில் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி. கண் வில்லை 10 மடங்கு ஒன்று, 15 மடங்கு ஒன்று. பொருள் வில்லை 10, 40. விலை 3,200 ரூபாய். ஸ்லைடும் மூடுகண்ணாடியும் தனி.

கருவியில் குறை இருக்கிறது. பெரிய திருகு ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் தன் எடையில் மெல்ல இறங்கும். 40 மடங்கு வில்லை வைத்திருக்கும் நேரத்தில் அப்படி இறங்கினால் மூடுகண்ணாடி நொறுங்கும், இரண்டு முறை நொறுங்கியது. கடைக்காரர் ஒரு பித்தளை வாஷர் போட்டுச் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. இன்னொரு குறை அடிக்கண்ணாடி. மழை மூட்டமான ஜூன் ஜூலையில் ஜன்னலோரம் வைத்தாலும் வெளிச்சம் போதாது. அந்த மாதங்களில்தான் நமக்கு இது அதிகம் தேவை. செல்போன் டார்ச்சை மல்லாக்க வைத்து, மேலே டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்துப் போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் காசு போட முடிந்தவர்கள் எல்.இ.டி. விளக்கு வைத்ததாக வாங்குங்கள்.

ஆனால் இந்த வேலைக்கு விலை உயர்ந்த கருவி தேவையே இல்லை. ஈரல் புழுவின் முட்டை, புழு முட்டைகளில் பெரியவற்றில் ஒன்று. ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 10க்கு 10, அதாவது நூறு மடங்கு தாராளமாகப் போதும். 40 மடங்கு வில்லையை நான் இப்போது தொடுவதே இல்லை.

செய்முறையும் எளிதுதான். புதுச் சாணம் ஒரு நெல்லிக்காய் அளவு, டம்ளர் தண்ணீரில் கரைத்து டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். வடித்த நீரை ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்தால் முட்டை எடை கூடியது என்பதால் அடியில் போய் உட்காரும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். மேல்நீர் தெளியும்வரை நாலைந்து தடவை இப்படி. கடைசியில் மிஞ்சும் வண்டலில் மெத்திலின் புளூ ஒரு சொட்டு. அலங்கார மீன் விற்கும் கடையில், மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் விடுவதற்கு வைத்திருப்பார்களே, அதேதான். புல் நார், தவிட்டுத் துணுக்கு எல்லாம் நீலமாகிவிடும். ஈரல் புழு முட்டை மட்டும் சாயம் ஏறாமல் பொன் மஞ்சளாக நிற்கும். ஒரு முனையில் சின்ன மூடி இருக்கும். முன்வயிற்றில் இருக்கும் தட்டைப்புழுவின் முட்டையும் இதே வடிவம், இதே அளவு. ஆனால் அதற்கு இந்த மஞ்சள் கிடையாது, கண்ணாடி போல வெளிறி இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான். பத்து ஸ்லைடு பார்த்தால் பழகிவிடும்.

முதல் முறை மயிலையின் சாணத்தில் அந்த மஞ்சள் முட்டையைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. பாடப்புத்தகத்தில் 31 வருஷம் பார்த்ததை நீலத் தரையில் தங்கக் காசு மாதிரி கண்ணெதிரே பார்த்தேன். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வாய்க்காலில் இருந்து வலப்பக்கம் வாய் திறந்த நத்தைகள் சிலவற்றைக் குச்சியால் தள்ளி எடுத்து வந்தாள். (வெறுங்கையால் தொடக் கூடாது, வாய்க்கால் நத்தையில் வேறு புழுக்களும் உண்டு.) கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரில் விட்டு வெயிலில் வைத்தோம். மூன்றாவது நத்தையில் இருந்து வால் முளைத்த துளிகள் வெளியே வந்து துடித்தன. சில நிமிஷத்தில் அவற்றில் ஒன்று கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒட்டி, வாலை உதறி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டது. வயலில் இப்படித்தான் புல்லிலும் நெல் தாளிலும் ஒட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். 1880களில் இங்கிலாந்தில் தாமஸ், ஜெர்மனியில் லியூக்கார்ட் என்ற விலங்கியல் அறிஞர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை, என் திண்ணையில் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை பார்த்துவிட்டாள். இந்த ஒரு காலைக்காகவே 3,200 ரூபாய் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி அந்தக் கதை.

அடுத்த வீட்டு அக்காவுக்கு வெள்ளாடு நாலு. செப்டம்பர் தொடக்கத்தில் கன்னிப்பூ அறுத்த வயலில் அவை தாளடி மேய்ந்தன. அக்டோபர் நடுவில் ஒருநாள் காலையில் அக்கா வந்தாள். “டீச்சரே, கருப்பி என்னவோ போலக் கெடக்கு. தழையை மோந்து பாத்துட்டு அப்படியே நிக்கிது. உங்க மிஷின்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.”

புழுக்கை கொண்டுவந்திருந்தாள். ஒரு மணி நேரம் பார்த்தேன், மூன்று ஸ்லைடு. ஒரு முட்டை இல்லை. “புழு ஒண்ணும் இல்லக்கா” என்று சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அக்கா நிம்மதியாகப் போனாள். தழை மாறியதில் செரிக்கவில்லை போலிருக்கிறது என்று இஞ்சியும் ஓமமும் கொடுத்திருக்கிறாள். எட்டாம் நாள் கருப்பி செத்துப்போயிற்று. சினை ஆடு.

கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வயிற்றுக்குள் ரத்தம் கலந்த நீர். ஈரல் மேலே கரையான் அரித்த பலகை மாதிரி சிவப்பும் கருப்புமாகக் கோடுகள். ஒரு கோட்டைக் கீறி, நகம் அளவுகூட இல்லாத வெளிறிய ஒரு துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “முட்டை எப்படி டீச்சர் வரும்? இதெல்லாம் குட்டிப் புழு. இன்னும் பித்தநாளத்துக்கே போய்ச் சேரலை.”

இது எனக்குத் தெரியாததா? தெரியும். புல்லோடு உள்ளே போன புழு குடல் சுவரைத் துளைத்து, வயிற்றுக்குழியில் இறங்கி, ஈரலின் தோலைக் கிழித்து உள்ளே நுழைந்து, வாரக்கணக்கில் ஈரல் சதைக்குள்ளேயே அலையும். பித்தநாளத்தில் போய்த் தங்கிப் பெரிதானபிறகுதான் முட்டையிடும். உள்ளே போனதில் இருந்து முட்டை சாணத்தில் வர இரண்டரை மாதம், மூன்று மாதம், சிலசமயம் நாலு மாதம்கூட ஆகும். வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கருவி கையில் இருந்ததால், கருவி காட்டாதது இல்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் கனக்கிறது.

அன்றைக்கு ராத்திரி எனக்குள் வேறொரு கேள்வியும் எழுந்தது. ஆறு வாரம் ஈரலைத் துளைத்துக்கொண்டு அலையும் ஒரு பூச்சியை அந்த உடம்பு ஏன் சும்மா விட்டது? ஆட்டுக்கும் ரத்தம் இருக்கிறது, ரத்தத்தில் காவல் செல்கள் இருக்கின்றன. நம் காலில் முள் தைத்தாலே இரண்டு நாளில் சீழ் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறதே. கல்லூரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி கட்டுரைகளை எடுத்து அனுப்பினாள். இரண்டு மாதம் அதே படிப்பாகக் கிடந்தேன். என் காலத்துப் பாடத்தில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தப் புழு ஓயாமல் எதையாவது வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் குடலுக்கு ஒரே வாசல்தான், ஆசனவாய் இல்லை. தின்றதைச் செரித்து, மிச்சத்தை வாய்வழியே கக்கும். கக்குவதோடு சேர்ந்து அதன் செரிமானப் புரதங்களும் வெளியே வரும். அவற்றில் பெரும்பங்கு கதெப்சின் எல் என்ற, புரதத்தை வெட்டும் புரதம். குட்டிப் புழு ஒருவகைக் கதெப்சினைச் சுரக்கிறது, அது குடல் சுவரின் நார்களை வெட்டி வழி உண்டாக்கும். வளர்ந்த புழு வேறுவகையைச் சுரக்கிறது, அது ரத்தத்தைச் செரிக்கும். வயசுக்கேற்ற கத்தி வைத்திருக்கிறது. அயர்லாந்தில் தொடங்கி ஜான் டால்டன் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருஷம் இந்த ஒரு புரதக் குடும்பத்தையே தோண்டியிருக்கிறார்கள்.

அந்தக் கத்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பு இந்தப் புழுவுக்கு எதிராக ஆன்டிபாடி செய்யத்தான் செய்கிறது, நிறையவே செய்கிறது. ஆன்டிபாடி ஒரு கவட்டைக் கம்பு மாதிரி. கவட்டையின் இரண்டு கையும் புழுவைப் பற்றும், அடிக்கம்பை ஈசினோபில் என்ற ரத்த செல் வந்து பிடித்துக்கொண்டு புழுவின் மேல் நஞ்சைக் கொட்டும். கதெப்சின் எல் அந்தக் கம்பைக் கவட்டையும் காம்பும் சேரும் கணுவில் வெட்டிவிடுகிறது. முளையில் கட்டிய மாட்டின் கயிற்றை நடுவில் அறுத்தால் கழுத்தில் ஒரு துண்டும் முளையில் ஒரு துண்டும் கிடக்கும், மாடு போய்விடும் இல்லையா? அப்படித்தான். புழுவின் மேல் ஆன்டிபாடித் துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும், ஈசினோபிலுக்குப் பிடிக்க அடிக்கம்பு இருக்காது. குட்டிப் புழு தன் மேல்பூச்சை வேறு அடிக்கடி உரித்துவிடும். ஒட்டியதும் அதோடு போய்விடும்.

இதோடு நிற்கவில்லை. மேக்ரோபேஜ் என்று பெரிய விழுங்கு செல் இருக்கிறது, கிருமியைத் தின்று மற்ற செல்களுக்கு ஆபத்தைத் தெரிவிப்பது அதன் வேலை. புழு விட்ட கதெப்சினை இது விழுங்குகிறது. உள்ளே போன கதெப்சின், கிருமி வந்ததை உணரும் டி.எல்.ஆர். 3 என்ற ஏற்பியை அங்கேயே சிதைத்துவிடுகிறது. 2010இல் வந்த ஆய்வு இது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே இன்னொரு புரதத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள், பெராக்ஸிரெடாக்ஸின். அது படும்போது மேக்ரோபேஜ் சண்டை போடும் குணத்தை விட்டுவிட்டுக் காயம் ஆற்றும் குணத்துக்கு மாறிவிடுகிறது. காயம் ஆறுவது கேட்க நல்லதுதான். ஆனால் உள்ளே துளைக்கிறவன் உயிரோடு இருக்கும்போதே ஆற்றப் போனால் ஈரலில் தழும்பு மேல் தழும்பு விழும். பித்தநாளம் குழாய் மாதிரி தடிக்கும். கசாப்புக் கடையில் சில ஈரலை அறுக்கும்போது கத்தி நறநறக்கும், பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது புரதம் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. 2011இல் கண்டது, 68 அமினோ அமிலம் மட்டுமே உள்ள சின்னப் புரதம். நம் உடம்பே கிருமிக்கு எதிராகச் சுரக்கும் ஒரு காவல் புரதத்தின் சாயலில் இருக்கிறது. புழு குடலைத் துளைக்கும்போது குடல் பாக்டீரியாவும் கூடவே உள்ளே கசியும். அந்த பாக்டீரியா நஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பு கொந்தளிக்காதபடி இந்தப் புரதம் அடக்குகிறது. புழுவுக்கும் நல்லது, மாட்டுக்கும் ஒருவகையில் உயிர் தப்பும் வழி. வீக்கத்தை அடக்கும் இந்தக் குணத்துக்காக, இதே புரதத்தை எலிகளுக்கு ஏற்றி, உடம்பு தன்னையே தாக்கும் முதல்வகை நீரிழிவைத் தடுக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. கருப்பியைக் கொன்ற பூச்சியிடம் இருந்து ஒரு பிள்ளையின் இன்சுலின் ஊசிக்கு மாற்று வருமானால் வரட்டும். அப்படி நினைக்க எனக்குச் சில நாள் ஆயிற்று.

இவற்றையெல்லாம் இந்த விமர்சனத்தில் நான் எழுதக் காரணம் உண்டு. இந்தப் புரதங்கள் எதையும் மைக்ராஸ்கோப் காட்டாது, ஆனால் நம் தொழுவத்தில் நடக்கும் பலவற்றுக்கு அவைதான் காரணம். “போன வருஷம் வந்துச்சே டீச்சர், இந்த வருஷம் மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும்ல?” என்று கேட்கிறார்கள். ஆடு விஷயத்தில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடு ஓரளவு தாங்கும், ஆனால் நம்பி விட்டுவிடும் அளவுக்கு இல்லை. இதே காரணத்தால்தானோ என்னவோ, கதெப்சினை வைத்துச் செய்துபார்த்த தடுப்பூசிகளும் பாதிப் பலனோடு நிற்கின்றன, கடையில் வாங்கும்படி இதுவரை ஒன்றும் வரவில்லை.

இன்னொன்று, புழு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது மற்ற நோய்களின் கணக்கையும் குழப்புகிறது. எலிகளில் கக்குவான் கிருமிக்கு எதிரான எதிர்ப்பு இந்தப் புழு இருக்கும்போது மங்கிவிட்டது. கதெப்சின் எல்லை மட்டும் ஊசியில் ஏற்றியபோதும் தடுப்பூசியின் பலன் குறைந்தது. 2012இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பால் பண்ணைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஈரல் புழு உள்ள மாடுகளில் காசநோய்த் தோல் சோதனை சரியாகத் தடிக்காமல், மூன்றில் ஒரு பங்கு நோய் கண்ணில் படாமலே போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அங்கே உள்ளது ஹெப்பாட்டிகா வகை. நம் சமவெளியில் பெரும்பாலும் ஜைகான்டிகா வகை, இலை மாதிரி இன்னும் நீளம். அதுவும் கதெப்சின் சுரக்கும் புழுதான். கோமாரி ஊசி போடும் மாதத்தில் மாட்டுக்குப் புழு இருக்கிறதா என்பதை நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது இதைப் படித்தபிறகுதான்.

எல்லா உடம்பும் தோற்றுப்போவதில்லை என்பதும் படித்ததில்தான் தெரிந்தது. இந்தோனேசியாவில் மெல்லிய வாலுள்ள ஒரு நாட்டுச் செம்மறி இனம் உண்டு. ஜைகான்டிகா குட்டிப் புழுவை அது வயிற்றுக்குழியிலேயே கொன்றுவிடுகிறது, ஈரலுக்குப் போகவே விடுவதில்லை. அதே ஆடு ஹெப்பாட்டிகாவிடம் தோற்கிறது. நாட்டு இனங்களை ஒதுக்கிவிட்டுப் பால் அளவை மட்டும் பார்த்து மாடு வாங்கும்போது நாம் எதையெல்லாம் விட்டுவிடுகிறோம் என்று அன்றைக்கு நெடுநேரம் யோசித்தேன். அதே நாட்டில் ஈர வைக்கோலை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள், அல்லது தாளின் அடிப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும். தண்ணீரில் நின்ற அடித்தாளில்தான் புழுவின் ஓடு ஒட்டியிருக்கும். இதை நான் உடனே செய்ய ஆரம்பித்துவிட்டேன், செலவு ஒன்றுமில்லை.

சரி, கருவிக்கு வருகிறேன். அந்தப் புரதங்களைப் பார்க்கும் சோதனையும் உலகத்தில் இருக்கிறது. புழு விடும் கதெப்சின் சாணத்தோடு வெளியே வரும், அதை ஆன்டிபாடி வைத்துப் பிடித்து நிறம் மாற்றிக் காட்டும் கிட். முட்டை தெரிவதற்குச் சில வாரம் முன்பே அது சொல்லிவிடும். நம் ஊர்த் தொழுவத்துக்கு அது வரும் நாளில் இந்த மைக்ராஸ்கோப்பைப் பேத்திக்குக் கொடுத்துவிடுவேன். அதுவரை இதை வைத்துக்கொண்டு, இது சொல்லாததையும் மனசில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இப்படி. மாடு எந்தத் தேதியில் எந்த வயலில் மேய்ந்தது, எந்த வாய்க்கால் கரைப் புல் அறுத்துப் போட்டேன் என்று காலண்டரில் குறிக்கிறேன். மேய்ந்து மூன்று மாதம் ஆகாமல் ஸ்லைடில் முட்டை இல்லை என்றால் அதை நான் ஒரு பதிலாகவே எடுப்பதில்லை. மூன்று மாதம் தாண்டியபிறகும் ஒரே நாள் சாணத்தை நம்புவதில்லை. முட்டை பித்தப்பையில் தேங்கித் தேங்கித்தான் வரும், அதனால் மூன்று நாள் தொடர்ந்து பார்க்கிறேன். ஆடு மந்தமாக நின்று, இமை வெளுத்து, போன ஒன்றரை மாதத்தில் ஈர வயலில் மேய்ந்திருந்தால், நான் கருவியை எடுப்பதே இல்லை. நேரே டாக்டருக்குத்தான் போன்.

மருந்திலும் இதே கணக்கு இருக்கிறது. ஆக்ஸிக்ளோசனைடு வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஈரலுக்குள் அலையும் குட்டியை விட்டுவிடும். ட்ரைக்ளாபென்டசோல் குட்டியையும் கொல்லும், ஆனால் கறவை மாட்டுக்குக் கண்டபடி கொடுக்க முடியாது, பாலில் வரும். எதை, எப்போது, எத்தனை நாள் பாலை ஊற்றாமல் வைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடையில் பாட்டில் பேர் சொல்லி வாங்குகிற வேலை வேண்டாம். மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்லைடு போடுவேன். இந்தக் கருவி முழுக் காசுக்கும் பதில் சொல்லும் இடம் இதுதான். முட்டை நின்றிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது, இன்னும் வந்தால் அளவு தவறியிருக்கலாம், குட்டியாக இருந்து தப்பியது வளர்ந்திருக்கலாம், மருந்துக்கே புழு பழகியிருக்கலாம். டாக்டரிடம் கையில் ஒரு விவரத்தோடு பேச முடிகிறது. எங்கள் டாக்டர் இப்போது என் ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

பலர் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஈரலை வேகவைத்துத் தின்றால் மனுஷருக்குப் புழு வருமா? வராது. மனுஷருக்கு வருவது பெரும்பாலும் நீரில் வளரும் கீரையைப் பச்சையாகத் தின்பதால். வாய்க்காலில் பறித்த கீரையை வேகவைக்காமல் தின்னாதீர்கள்.

வாங்கலாமா? ஒரு மாடு, இரண்டு ஆடு வைத்திருப்பவர்கள் தனியாக வாங்க வேண்டாம். தெருவுக்கு ஒன்று, அல்லது பால் சொசைட்டிக்கு ஒன்று, பத்துப்பேர் சேர்ந்து வாங்குங்கள். பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், பிளஸ் டூவில் விலங்கியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். எல்.இ.டி. விளக்கு வைத்ததாக இருக்கட்டும். கடையிலேயே பெரிய திருகை ஏற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், குழாய் தானாக இறங்கினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். 40 மடங்கு வில்லை எவ்வளவு தெளிவு என்று கடைக்காரர் காட்டினால் அதில் மயங்க வேண்டாம், 10 மடங்கைப் பாருங்கள். நான் கொடுக்கும் மதிப்பெண் பத்துக்கு ஏழு. இரண்டு மதிப்பெண், திருகுக்கும் வெளிச்சத்துக்கும் போயிற்று. ஒன்று, பெட்டியோடு வரும் தாளில் ‘புழு இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துகொள்ளலாம்’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அதற்குப் போயிற்று. அந்த வரியை நான் பேனாவால் அடித்துவிட்டேன்.

அக்காவிடம் இப்போது ஆடு மூன்றுதான். தாளடிக்கு விடுவதில்லை, மேட்டுப் புறம்போக்கில் மேய்க்கிறாள். மாதம் ஒருமுறை புழுக்கை கொண்டுவருவாள். முட்டை இல்லாத நாளில் “இன்னைக்கு முட்டை தெரியலக்கா” என்று மட்டும் சொல்கிறேன். அவளும், “அப்ப அடுத்த மாசமும் பாப்போம் டீச்சரே” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

நேற்று செவலையின் சாணத்தில் இரண்டு முட்டை, நல்ல மஞ்சள். ஜூனில் அறுத்துப் போட்ட வாய்க்கால் புல்லாக இருக்கும், காலண்டரில் குறித்திருக்கிறேன். டாக்டர் புதன்கிழமை வருகிறார்.